வடக்கு மூலைச் செடிகள்

கணவனும் மனைவியும் ஒரே ஆராய்ச்சி நிலையத்தில் வேலை பார்த்தார்கள். அவர் வெண்டையில் புது ரகம் உருவாக்குகிறவர். அவள் வெண்டையைக் கெடுக்கிற வைரஸ்களை ஆராய்கிறவள். நிலையத்தில் அவரை ‘வெண்டை சார்’ என்பார்கள், அவளை ‘வைரஸ் மேடம்’ என்பார்கள். “சார் வளர்ப்பார், மேடம் வந்து அது நோஞ்சான்னு எழுதுவாங்க, சம்பளம் மட்டும் ஒரே வீட்டுக்குப் போகும்” என்று கேன்டீனில் ஒரு பழைய கேலி ஓடிக்கொண்டிருந்தது. அதைக் கேட்டு இருவரும் சேர்ந்தே சிரிப்பார்கள். அந்தக் காலத்தில் அவர்களுக்குள் சிரிப்புக்குப் பஞ்சமில்லை.

வெண்டை போடுகிறவர்களின் வயிற்றில் புளியைக் கரைப்பது மஞ்சள் நரம்பு நோய். முதலில் இலையின் நரம்புகள் மட்டும் வலை பின்னினாற்போல மஞ்சளாகும். பிறகு இலை முழுக்க மஞ்சள். காய் வெளிறி, நார் ஏறி, வளைந்து போகும். அதைச் சந்தையில் யாரும் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள். வெள்ளை ஈ என்ற பொடிப்பூச்சி இலையின் அடியில் உட்கார்ந்து உறிஞ்சிவிட்டு, ஒரு செடியின் வைரஸை அடுத்த செடிக்குக் கொண்டுபோகும். மருந்து அடித்தால் அன்றைக்கு இருக்கிற ஈ சாகும். மறுவாரம் பக்கத்து வயலிலிருந்து அதன் சொந்தபந்தமெல்லாம் வந்து இறங்கும். அதனால் நோயே அண்டாத ஒரு விதை கிடைத்தால் போதும் என்று எல்லோரும் ஏங்கினார்கள்.

அந்த விதைக்குத்தான் அவர் தன் இளமை முழுவதையும் கொடுத்தார். முள்முள்ளாக ரோமம் அடர்ந்த காட்டு வெண்டை ஒன்று உண்டு. காய் வாயில் வைக்க முடியாது, ஆனால் மஞ்சள் நோய் அதைத் தொடாது. அதை நாட்டு வெண்டையோடு கலந்து, வந்ததில் நல்லதைப் பொறுக்கி, மறுபடி கலந்து, மறுபடி பொறுக்கி என்று பருவம் பருவமாகக் கிடந்தார். ஒரு கோடையில், சுற்றிலும் எல்லாம் மஞ்சளாகிக் கிடக்க, அவருடைய ஒரு வரிசை மட்டும் பச்சைப் பசேலென்று நின்றது. அன்று அவர் செருப்பைக்கூடக் கழற்றாமல் வீட்டுக்குள் ஓடிவந்து மகளைத் தூக்கிச் சுற்றினார்.

“உன் பேருதான் வைக்கப்போறேன்டா குட்டி. கடை கடையா உன் பேரு தொங்கும்!”

மகளுக்கு அப்போது ஆறு வயது. வெண்டைக்காய் என்றாலே தட்டை நகர்த்திவிடுகிற பிள்ளை. அன்றைக்கு மட்டும் நான்கு துண்டு தின்றாள்.

புது ரகத்தைப் பரிசோதிக்க இரண்டு இடங்களில் பயிர் போட்டார்கள். ஒன்று நிலையத்துக்குள். இன்னொன்று அவருடைய தம்பி குத்தகைக்கு எடுத்திருந்த வயலில். தம்பி முன்பு வேன் ஓட்டிக்கொண்டிருந்தவன். அண்ணன் பேச்சைக் கேட்டுத்தான் விவசாயத்துக்கு வந்தான். அண்ணன் சொன்னால் அவனுக்கு மறுபேச்சு கிடையாது. அண்ணியிடம் பாசமாக இருப்பான். ஆனால் அவள் செய்கிற வேலை என்னவென்று அவனுக்குக் கடைசிவரை பிடிபடவில்லை. “எங்க அண்ணி இலையை அரைச்சுப் பார்க்கற டாக்டர்” என்று எல்லோரிடமும் சொல்லிவைப்பான்.

ஒருவகையில் அது சரிதான். அவள் வயல் வயலாகப் போய் இலை பறித்து, அரைத்து, அதற்குள்ளிருக்கும் வைரஸின் டிஎன்ஏவைப் பிரித்து எழுத்தெழுத்தாகப் படிப்பாள். நோய்க்கு ஒரே பெயர் இருந்தாலும் வைரஸ் ஒன்றல்ல என்பது அவளுக்கு முதல் வருடமே தெரிந்துபோயிற்று. ஒவ்வொரு வயலிலும் ஒவ்வொரு வகை இருந்தது. பெரிய குடும்பத்தில் மூக்கு ஒரே மாதிரி இருந்து குணம் ஆளுக்கொன்றாக இருக்குமே, அப்படி. அதைவிட மோசம், ஒரே செடிக்குள் இரண்டு வகைகள் புகுந்துவிட்டால், அவை தங்கள் டிஎன்ஏவில் ஒரு துண்டை மாற்றிக்கொள்ளும். அப்படிப் பிறக்கிற மூன்றாவது எந்தச் செடியை என்ன செய்யும் என்று யாராலும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. எது எதிலிருந்து வந்தது என்று கிளை கிளையாக ஒரு மரம் வரைவதுதான் அவள் வேலையின் முடிவு. அவள் மேசைக்கு மேல் சுவரில் அந்த மரம் ஒட்டியிருக்கும். புது இலை வர வர அதில் கிளைகள் கூடிக்கொண்டே போயின.

கொழுந்தனின் வயலுக்கும் அவள் இலை பறிக்கப் போனாள். புது ரகம் இடுப்பு உயரத்துக்கு வளர்ந்து கண்ணுக்குக் குளிர்ச்சியாக நின்றது. வடக்கு மூலையில் மட்டும், வாய்க்கால் ஓரமாகச் சில செடிகளில், நுனி இலையின் நரம்புகள் லேசாக வெளுத்திருந்தன. கூட வந்த கணவரும் பார்த்தார்.

“கலப்பு விதை. மூட்டையில பழைய ரகம் ஒட்டிக்கிட்டு இருந்திருக்கும்” என்றார். சொல்லிவிட்டு வேறுபக்கம் நடந்தார்.

அவள் பறித்துக்கொண்டாள்.

ஆய்வகத்தில் அந்த இலைகள் சொன்ன கதை வேறாக இருந்தது. உள்ளே இருந்த வைரஸின் டிஎன்ஏவில் ஒரு பாதி, மேற்குப் பக்கத்து வயல்களில் அவள் பார்த்த வகை. மறு பாதி, பருத்தியில் இலைச்சுருட்டை உண்டாக்குகிற வகையிலிருந்து வந்தது. இரண்டும் ஒட்டிக்கொண்டு புதிதாக ஒன்று பிறந்திருந்தது. அவள் நம்பாமல் மறுபடி செய்தாள். அதே விடை. பிறகு, யாரும் கேட்காத ஒரு காரியத்தையும் செய்தாள். செடி கலப்புதானா என்று அறிய, செடியின் சொந்த டிஎன்ஏவையே அடையாளச் சோதனை செய்து பார்த்தாள். கலப்பு இல்லை. அவை கணவருடைய ரகமேதான்.

மாலை, மொட்டைமாடியில் காய்ந்த துணியை இருவரும் மடித்துக்கொண்டிருந்தபோது சொன்னாள்.

“வடக்கு மூலையில இருந்தது கலப்பு இல்லைங்க. உங்க ரகமேதான். அடையாளச் சோதனை பண்ணிட்டேன்.”

மகளின் சட்டையை மடித்துக்கொண்டிருந்த அவர் கை நின்றது. “உன்னை யார் பண்ணச் சொன்னா?”

“யாரும் சொல்லல. பண்ணணும்னு தோணுச்சு. வைரஸ் புதுசா இருக்கு. உங்க ரகத்துல இருக்கற காப்பு அதுக்கு முன்னாடி நிக்கல.”

“ஒரு மூலையில நாலு செடி வெளுத்துப்போச்சு. அதுக்காக நான் என்ன பண்ணணும்? மொத்தத்தையும் கொளுத்திடவா?”

“கொளுத்த வேண்டாம். ரெண்டு பருவம் தள்ளிப்போடுங்க. அந்த வைரஸை வச்சு உங்க ரகத்தை நேரா சோதிச்சுப் பார்ப்போம். எந்தச் செடி தாங்குதுன்னு பார்த்து அதுல இருந்து எடுங்க. நான் கூட இருக்கேன்.”

“ரெண்டு பருவத்துல பக்கத்து நிலையத்துக்காரன் அவன் ரகத்தை வெளியிட்டுட்டுப் போயிடுவான். அப்புறம் நானும் நீயும் உட்கார்ந்து நல்லாச் சோதிக்கலாம்.” அவர் சட்டையை உதறி மறுபடி மடித்தார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார். “அடுத்த வாரக் கூட்டத்துல நீ பேசணும் இல்ல? அந்த மூலைச் சாம்பிளை மட்டும் விட்டுடேன். மத்ததெல்லாம் வை.”

“விட்டா மரம் தப்பாயிடுமே.”

“உனக்கு மரம்தான் பெருசு” என்று சொல்லிவிட்டு அவர் துணிக்கூடையைத் தூக்கிக்கொண்டு இறங்கிப்போனார்.

கூட்டம் நிலையத்தின் பெரிய அறையில் நடந்தது. இயக்குநர் நடுவில் உட்கார்ந்திருந்தார். எதற்கும் குரலை உயர்த்தாத, சிரித்த முகம் மாறாத மனிதர். யாரையாவது வெட்டுவதாக இருந்தாலும் முதலில் டீ குடிக்கச் சொல்லிவிட்டுத்தான் வெட்டுவார் என்று அவரைப் பற்றிச் சொல்வார்கள். விதை வியாபாரிகள் இரண்டாவது வரிசையில் இருந்தார்கள்.

கணவர் முதலில் பேசினார். பச்சை வயல்களின் படங்கள் திரையில் ஓடின. கைதட்டல் எழுந்தது. அடுத்து அவள் எழுந்து தன் மரத்தைக் காட்டினாள். எல்லாக் கிளைகளையும் விட்டுத் தனியாகப் பிரிந்து போன ஒரு கிளையைத் தொட்டுச் சொன்னாள். “இது புது ரகத்துச் செடியிலேயே கிடைச்சது. இப்போ ஒரு மூலையிலதான் இருக்கு. ஆனா வெள்ளை ஈ பெருகினா இது அந்த மூலையோட நிக்காது. வெளியிடறதுக்கு முன்னாடி இதைச் சோதிச்சாகணும்.”

வியாபாரிகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அப்போது கணவர் எழுந்தார்.

“மேடத்தோட ஆய்வை நான் மதிக்கிறேன்” என்று ஆரம்பித்தார். வீட்டில் ஒருநாளும் அவளை அவர் மேடம் என்று கூப்பிட்டதில்லை. “ஆனா ரெண்டு விஷயம். அந்த மூலையில இருந்தது கலப்பு விதைச் செடி. அப்புறம், இந்த மாதிரி ஒட்டு வைரஸ் உண்மையிலேயே வயல்ல இருந்ததா, இல்ல ஆய்வகத்துல ரெண்டு சாம்பிள் கலந்துபோய் வந்ததான்னு ஒரு சந்தேகம் இருக்கு. பழைய கருவிகள், எல்லாருக்கும் தெரியும்.”

ஆய்வகத்தில் கலப்பு இல்லை என்பதற்கான சோதனையை அவள் செய்திருந்தாள். அதை அவருக்கு வீட்டிலேயே காட்டியும் இருந்தாள். “அப்படி இல்லைங்க சார்” என்று அவள் இயக்குநர் பக்கம் திரும்பியபோது, அவர் இரண்டு கைகளையும் உயர்த்திச் சிரித்தார்.

“ஐயோ, வீட்டுச் சண்டையை ஏன்மா இங்க கொண்டுவர்றீங்க? வெண்டைக்காயை யார் நறுக்கறதுங்கறதை வீட்டுலயே பேசி முடிச்சுட்டு வரக்கூடாதா?”

அறை குலுங்கச் சிரித்தது. வியாபாரிகளும் சிரித்தார்கள். வருடக்கணக்காகச் சேர்த்த வேலை அந்தச் சிரிப்பில் கரைந்துபோனது.

அவள் கையிலிருந்த கோப்பில் அடையாளச் சோதனையின் முடிவு இருந்தது. கலப்பு விதை என்று அவர் சொன்னது பொய் என்பதற்கு அந்த ஒரு தாள் போதும். எடுக்கப்போனவள், கணவரைப் பார்த்தாள். அவருடைய நெற்றி வேர்த்திருந்தது. பேனாவின் மூடியைக் கழற்றுவதும் மாட்டுவதுமாக இருந்தார். அந்தத் தாளை எடுத்தால் அத்தனை பேர் முன்னாலும் அவர் பொய்யன் ஆவார். வீட்டில் ஆறு வயதுப் பிள்ளை, கடையில் தன் பெயர் எப்போது தொங்கும் என்று தினமும் கேட்டுக்கொண்டிருந்தாள். சொல்லவேண்டியதைச் சொல்லிவிட்டோம், இனி அவர்கள் பாடு என்று நினைத்துக்கொண்டு அவள் கோப்பை மூடினாள். உட்கார்ந்தாள். யாரோ அவளுக்கு டீ கொண்டுவந்து வைத்தார்கள்.

ரகம் வெளியானது. செய்தித்தாளில் அவர் மகளைத் தோளில் தூக்கிக்கொண்டு வயலில் நிற்கும் படம் வந்தது. விதைப் பொட்டலங்களில் மகளின் பெயர் கொட்டை எழுத்தில் இருந்தது. பிள்ளை ஒரு பொட்டலத்தைப் பள்ளிக்கூடத்துக்கு எடுத்துப்போய் எல்லோரிடமும் காட்டிவிட்டு வந்தது.

கொழுந்தன் விதை வாங்க வந்த அன்று அவள் வாசலில் அவனை நிறுத்தினாள்.

“தம்பி, எல்லா நிலத்துலயும் இதையே போடாதீங்க. பாதியில வேற ஏதாவது போடுங்க.”

“ஏன் அண்ணி?”

“எனக்கு ஒரு பயம் இருக்கு.”

அவன் தலையைச் சொறிந்தான். “அண்ணன் முழுசாப் போடுங்கறார். நீங்க பாதி போடுங்கறீங்க. யார் பேச்சைக் கேட்கறதுன்னு எனக்குத் தெரியல அண்ணி. நீங்க ரெண்டு பேரும் பேசி ஒரு முடிவாச் சொல்லுங்களேன்.” அவனுக்கு அந்தச் சந்தேகம் ஒரு நொடிதான் இருந்தது. உள்ளேயிருந்து அண்ணன் கூப்பிட்டதும் சிரித்துக்கொண்டு போய்விட்டான். முழுவதும் அதையே போட்டான்.

முதல் வருடம் அவள் முகத்தில் கரி பூசிவிட்டுப் போனது. காய் அப்படிக் காய்த்தது. பார்வைக்குப் பொட்டு மஞ்சள் இல்லை. கொழுந்தன் பக்கத்து நிலத்தையும் சேர்த்துக் குத்தகைக்குப் பிடித்தான். உறவுக்காரர்கள் கூடினால் கணவர், “வைரஸ் மேடம் ஒரு பேய் வருதுன்னாங்க, பாவம் அதுக்கு வழி தெரியல போல” என்பார். எல்லோரும் சிரிப்பார்கள். அவளும் சிரித்துவைப்பாள். உண்மையில், தான் தவறாகவே இருந்துவிட வேண்டும் என்று அவள் விரும்பினாள். தன் மேசைக்கு மேல் இருந்த மரத்தைக் கிழித்துப்போட்டுவிட்டு எல்லோரோடும் சேர்ந்து மனதாரச் சிரிக்க அவளுக்கும் ஆசையாக இருந்தது. ஆனால் இலை பறிப்பதை மட்டும் நிறுத்தவில்லை. வாய்க்காலை ஒட்டி, ஓரத்துச் செடி ஒன்றிரண்டில் ஒளிந்துகொண்டு, அந்த ஒட்டு வைரஸ் ஒவ்வொரு வயலாக நகர்ந்துகொண்டிருந்தது. ஈ குறைவாக இருந்த வருடம், அவ்வளவுதான். எழுதிக் கொடுத்தாள். இயக்குநர், “பார்க்கலாம்மா” என்று வாங்கிவைத்துக்கொண்டார்.

மறு வருடம் மழை தவறியது. வெயில் காய்ந்தது. செடியை ஆட்டினால் மாவு பறப்பதுபோல வெள்ளை ஈ பறந்தது. ஒருநாள் காலையில் அவள் ஆய்வகத்தில் இருக்கும்போது கொழுந்தன் போன் செய்தான்.

“அண்ணி, கொஞ்சம் வயலுக்கு வர்றீங்களா? நீங்க மட்டும் வாங்க.”

போனாள். சாலையிலிருந்தே தெரிந்தது. வயல் முழுக்க மஞ்சள் துணியை விரித்துப் போட்டாற்போல இருந்தது. காய் பறிக்க வந்திருந்த பெண்கள், பறிக்க ஒன்றுமில்லை என்று மரத்தடியில் உட்கார்ந்திருந்தார்கள். கொழுந்தன் வரப்பில் நின்று, சுண்டுவிரல்போல வெளிறிச் சுருண்டிருந்த ஒரு காயை ஒடித்து ஒடித்துப் போட்டுக்கொண்டிருந்தான்.

“மருந்து தப்பா அடிச்சுட்டேனா அண்ணி? தண்ணி குறைவா விட்டேனா?”

“நீங்க ஒண்ணும் தப்பு பண்ணல தம்பி.”

“அண்ணன்கிட்ட இப்ப சொல்லாதீங்க. மனுஷன் உடைஞ்சுபோயிடுவார். பெத்த பிள்ளை மாதிரி வளர்த்தார் இந்த ரகத்தை. நானே பக்குவமாச் சொல்லிக்கறேன்.”

அவள் குனிந்து இலை பறிக்க ஆரம்பித்தாள். அவனை நிமிர்ந்து பார்க்க அவளால் முடியவில்லை.

மறைத்துவைக்கிற காரியமா அது? அந்த வாரமே நாலாபக்கமிருந்தும் விவசாயிகள் டிராக்டரில் மஞ்சள் செடிகளை ஏற்றிக்கொண்டுவந்து நிலையத்தின் வாசலில் கொட்டினார்கள். ரகத்தின் பெயரைச் சொல்லிச் சொல்லி ஏசினார்கள். ரகத்தின் பெயர் மகளின் பெயர். பள்ளி வேன் அந்த வழியாகத்தான் போகும். பிள்ளை ஜன்னல் வழியாகத் தன் பெயரைக் கேட்டது. பேருக்கு முன்னாலும் பின்னாலும் என்னென்ன சொற்கள் வந்தன என்பதையும் கேட்டது. வகுப்பில் ‘மஞ்சள்’ என்று அவளுக்குப் பட்டப்பெயர் வைத்தார்கள். வீட்டுக்கு வந்து, “என் பேரை மாத்திடுங்க” என்று அழுதாள். கணவர் அவளைத் தூக்கப்போனார். பிள்ளை கையைத் தட்டிவிட்டுவிட்டு அறைக்குள் போய்விட்டது.

அவர் திரும்பி மனைவியைப் பார்த்தார். முகம் சுண்டிப்போயிருந்தது.

“இப்போ திருப்தியா? இதுக்குத்தானே காத்துட்டு இருந்தே?”

அவள் பிள்ளை போட்டுவிட்டுப் போன புத்தகப்பையை எடுத்து ஆணியில் மாட்டினாள். தான் சொன்னது பலித்ததில் எங்கோ ஒரு மூலையில் தனக்கு ஆறுதல் இருக்கிறதா என்று அவளே தனக்குள் தேடிப் பார்த்திருந்தாள். கடுகளவு இருந்தது. அதற்காக அவள் தன்னையே வெறுத்தாள்.

மறுநாள் இயக்குநர் இருவரையும் அறைக்கு அழைத்தார். டீ வந்தது.

“நல்லவேளை, நம்மகிட்ட மேடம் இருக்காங்க” என்றார் புன்னகையோடு. “இந்த வருஷம் புதுசா ஒரு வைரஸ் வந்திருக்கு. அதை முதல்ல கண்டுபிடிச்சது நம்ம நிலையம். பெரிய திட்டமாவே போடலாம், நீங்கதான் தலைமை. சாரும் கூட இருக்கட்டும். ஒண்ணே ஒண்ணு. அந்தப் பழைய மூலைச் சாம்பிள் எல்லாம் வேண்டாம். இந்த வருஷ இலைகளை வச்சு மரத்தைப் போடுங்க.”

“முதல்ல கிடைச்சதை எடுத்துட்டா அது எங்கிருந்து வந்துச்சுன்னே தெரியாது சார்.”

“தெரியாமலே இருக்கட்டுமே. தெரிஞ்சா, ஏன் வெளியிட்டீங்கன்னு கேட்பாங்க. உங்க வீட்டுக்காரரைத்தான்மா முதல்ல கேட்பாங்க.”

வீட்டுக்குள் வந்ததும், கணவர் நின்றபடியே, “எனக்காக” என்றார். அந்த ஒரு சொல்தான். இத்தனை வருடங்களில் அவர் அவளிடம் கெஞ்சியதே இல்லை.

ஒருமுறை அவருக்காக அவள் கோப்பை மூடியிருந்தாள். அதனால் அவரும் பிழைக்கவில்லை, கொழுந்தனும் பிழைக்கவில்லை, பிள்ளையின் பெயரும் பிழைக்கவில்லை. மறுநாள் அவள் அலுவலகத்தில் உட்கார்ந்து, தான் படித்த எல்லா வைரஸ்களின் டிஎன்ஏவையும், உலகத்தில் யார் வேண்டுமானாலும் பார்க்கக்கூடிய பொதுத் தரவுத்தளத்தில் ஏற்றினாள். எப்போது பறித்தது, எந்த வயல், எந்தச் செடி என்று அது கேட்டதற்கெல்லாம் உள்ளதை உள்ளபடி எழுதினாள். செடியின் ரகம் என்ற இடத்தில் மகளின் பெயரைத் தட்டும்போது மட்டும் விரல் தயங்கியது. அடையாளச் சோதனையின் முடிவை மேலிடத்துக்கு அனுப்பினாள்.

விசாரணை வந்தது. ரகம் உருவாக்கியவர் சொன்னதை நம்பித்தான் கையெழுத்துப் போட்டேன் என்றார் இயக்குநர், அதே சிரித்த முகத்தோடு. சில மாதங்களில் அவருக்குத் தலைமையகத்தில் இன்னும் பெரிய நாற்காலி கிடைத்தது. கணவரை ரகம் உருவாக்கும் வேலையிலிருந்து எடுத்து, தொலைவில் இருக்கும் ஒரு விதைக் கிடங்குக்கு மாற்றினார்கள். அவளுக்கும் கண்டனம் வந்தது. கையில் ஆதாரம் இருந்தும் கூட்டத்தில் ஏன் எடுத்துவைக்கவில்லை என்று கேட்டிருந்தார்கள். அவள் பதிலில் ஒன்றும் மறைக்கவில்லை. அதை யாரும் படித்ததாகத் தெரியவில்லை.

விஷயம் விவசாயிகளிடம் பரவி, கொழுந்தன் காதுக்கும் போயிற்று. ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தான். செடிகளையெல்லாம் பிடுங்கி எரித்துவிட்டு, குத்தகையையும் விட்டுவிட்டு, மறுபடி வேன் ஓட்டப் போயிருந்தான். உட்காரச் சொன்னதற்கு உட்காரவில்லை. அண்ணன் பெட்டியில் துணி அடுக்கிக்கொண்டிருந்தார்.

“அண்ணே, என் வயல் செடி கலப்பு இல்லைன்னு உனக்கு முன்னாடியே தெரியுமாமே? நிஜமா?”

அவர் நிமிரவில்லை. “எதையும் உறுதியாச் சொல்ற நிலைமையில இல்லடா அப்போ.”

“நான் கேட்டது அது இல்லண்ணே.”

அவர் இன்னொரு சட்டையை எடுத்துப் பெட்டிக்குள் வைத்தார். அவன் அவள் பக்கம் திரும்பினான்.

“நீங்க சொன்னீங்க அண்ணி, இல்லைங்கல. ஆனா பயமா இருக்குன்னு சொன்னீங்க. பயம்னா நான் என்னத்தைக் கண்டேன்? ‘உங்க அண்ணன் பொய் சொல்றார்’னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே? ஒரு விதையைக்கூட மண்ணுல போட்டிருக்க மாட்டேனே.”

“தப்புதான் தம்பி.”

“உங்க ரெண்டு பேருக்கும் தெரிஞ்சிருக்கு. ஒரே வீட்டுல ஒண்ணாச் சாப்பிட்டுக்கிட்டு, ரெண்டு பேரும் தெரிஞ்சே இருந்திருக்கீங்க. தெரியாம இருந்த ஒரே ஆள் நான்தான்.” அவன் கோபத்தில் கத்தியிருந்தால் தேவலாம்போல இருந்தது. ஏதோ வழி விசாரிக்கிறவன்போல மெதுவாகத்தான் பேசினான். மகளின் அறைக்குப் போய், வாங்கிவந்திருந்த மிட்டாயைக் கொடுத்து, தலையைத் தடவிவிட்டு, இருவரிடமும் சொல்லிக்கொள்ளாமல் படியிறங்கினான். அதற்குப் பிறகு அந்த வீட்டுப் படியை அவன் மிதிக்கவில்லை.

கணவர் பெட்டியின் பூட்டை அழுத்தி மூடினார். “அவன்கிட்ட நீதான் சொன்னியா?”

“தம்பி கேட்டார். சொன்னேன்.”

“சரி” என்றார் அவர். மறுநாள் காலை கிளம்பிப் போனார். மாதம் ஒருமுறை மகளைப் பார்க்க வருவார். கூடத்தில் உட்காருவார், தண்ணீர் கேட்டுக் குடிப்பார், விருந்தாளிபோல நேரம் பார்த்து எழுந்து போவார்.

அடுத்த பருவத்துக்கு விதைக்கடைகளில் வேறு விதை இல்லை. பழைய ரகத்தை யாரும் பெருக்கிவைக்கவில்லை. எல்லோரும் அதே பொட்டலத்தை வாங்கிப் போட்டார்கள், பெயரை மட்டும் மாற்றி அச்சடித்திருந்தார்கள். அவள் வழக்கம்போல இலை பறிக்கப் போனாள். ஒட்டு வைரஸ் அதற்குள் இன்னொரு துண்டையும் எங்கிருந்தோ வாங்கிச் சேர்த்துக்கொண்டிருந்தது. மரத்தில் அதற்கும் ஒரு கிளை வரையவேண்டியிருந்தது.

வாய்க்காலுக்கு அப்பால் ஒரு வயலில், முன்பின் பார்த்திராத ஒரு பெண்மணி களை எடுத்துக்கொண்டிருந்தாள். இவள் இலையைப் பறித்து உறையில் போடுவதைக் கொஞ்ச நேரம் வேடிக்கை பார்த்தாள்.

“நீங்கதான் அந்த வைரஸ் மேடமா?”

“ஆமாம்மா.”

“அடுத்த தடவை எந்த விதை போட்டா தப்பிக்கலாம், சொல்லுங்களேன்.”

அவள் யோசித்தாள். உள்ளதைத்தான் சொன்னாள். “இப்போதைக்கு எனக்குத் தெரியலம்மா.”

“தெரிஞ்சா மட்டும் சொல்லிடவா போறீங்க?” என்றாள் அந்தப் பெண்மணி. குரலில் கோபம்கூட இல்லை. களைக்கொத்தியை எடுத்துக்கொண்டு அடுத்த பாத்திக்கு நகர்ந்தாள்.

அவள் உறையின் மேல் வயலையும் தேதியையும் எழுதிவிட்டு, அடுத்த செடிக்குக் குனிந்தாள்.